எட்டால் வகுத்த பிறகு பேசவும்

மே 2, வியாழன்

இன்று பதினொரு புகார். அதில் எட்டு, புகாரே இல்லை. சத்தியமங்கலத்தில் முந்நூற்றுப் பத்து வீட்டுக்கு இன்டர்நெட் லைன் கொடுத்திருக்கிறேன். முந்நூறு வீட்டுக்காவது நான் ஏமாற்றுக்காரன் என்று சந்தேகம் உண்டு.

மாவு மில் ஆறுச்சாமி அண்ணன் போனில் திட்டிப் பார்த்துவிட்டு நேரிலேயே கடைக்கு வந்துவிட்டார்.

"ஏனப்பா சென்னி, நூறுன்னு சொல்லித்தான லைன் குடுத்த? படம் எறக்குனா பன்னெண்டுக்கு மேல ஏற மாட்டேங்குது. மிச்சம் எம்பத்தெட்டு எங்கீப்பா போச்சு?"

ஆயிரமாவது தடவையாகச் சொன்னேன். ஒயரில் ஓடும் வேகத்தை மெகாபிட்டில் சொல்வது எங்கள் தொழில் வழக்கம். கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. எல்லாம் சரியாகத்தான் வருகிறது, ஒன்றும் எங்கேயும் போகவில்லை.

"எங்கிட்ட நூறு கிலோ கோதுமை கொண்டாந்து போட்டுட்டு, நான் பன்னெண்டு கிலோ மாவு குடுத்தா நீ சும்மா உடுவியா?" என்றார்.

சுவரில் மாட்டியிருக்கும் போர்டைக் காட்டினேன். "எட்டால் வகுத்த பிறகு பேசவும்" என்று சிவப்புப் பெயின்டில் நானே ஆறு வருடம் முன்பு எழுதி வைத்தது. படித்துவிட்டு, "திமுரப் பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என் கூடப்பிறந்த சாந்தாமணி அக்காதான் கடையில் போன் எடுப்பது. அந்தப் போர்டைக் கழற்றச் சொல்லி அக்காவும் ஆறு வருடமாகச் சொல்லுகிறது. அக்காவுக்கு வியாபாரம் தெரியாது.

மாலை கோட்டுவீராம்பாளையம் பக்கம் லைன் பார்க்கப் போனேன். கோளாறு எதுவும் இல்லை.

மே 4, சனி

கோட்டுவீராம்பாளையத்தில் கோமதி டீச்சர் வீட்டு லைனைச் சோதித்தேன். புகார் வரவில்லை. வருமுன் காப்பது நல்லது என்பதால் போனேன்.

டீச்சர் சங்கரன்கோவில்காரர். இங்கே காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். எட்டு மாதமாக என் வாடிக்கையாளர். ஒருநாள்கூட 'எம்பத்தெட்டு எங்கே' என்று கேட்டதில்லை. அந்த மரியாதைக்காகவே அந்த வீட்டு இன்டர்நெட் பெட்டியை மாதம் இரண்டு தடவை துடைத்து வைக்கிறேன். இந்த மாதம் மூன்று.

உள்ளறையில் பச்சைத் துணி கட்டி, இரண்டு விளக்கு வைத்து, கேமரா முன்னால் நின்று விகிதக் கணக்கைச் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை, காற்றாடி ஓடுவது மட்டும்தான் கேட்டது. கை போகிற போக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆனால் எங்கே முடிகிறது என்று புரிந்தது.

முடித்துவிட்டு விவரம் சொன்னார். பத்தாம் வகுப்புக் கணக்கு முழுவதையும் இரண்டு வருடமாக இப்படிப் பாடம் பாடமாக எடுத்திருக்கிறார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பாடம், இன்னும் நாலு பாக்கி. மைசூரில் ஒரு அறக்கட்டளை அதையெல்லாம் வெட்டித் தொகுத்து, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தமிழ்நாடு முழுக்க இந்த மாதிரிப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப் போகிறது. ஆனால் எல்லாம் மே 17 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

"எங்க பள்ளிக்கூடத்துல மட்டும் பதினாலு பிள்ளைங்க பத்தாவது போகுது," என்றார். "அதுகளுக்கு அடுத்த வருசம் கிடைச்சு என்ன பிரயோசனம்?"

ஹார்டு டிஸ்க்கில் நேரில் கொண்டுவந்தும் கொடுக்கலாம், நெட்டிலும் அனுப்பலாம் என்று கடிதத்தில் இருந்தது. பஸ்ஸில் போவதாகத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் திம்பம் மலை ஏறினால் அவருக்குத் தலை சுற்றி வாந்தி வரும்.

"பஸ்ஸே வேண்டாமுங்க டீச்சர். எதுக்குங்க நான் இருக்கறேன்?" என்றேன்.

எனக்கே ஈரோட்டிலிருந்து வரும் லைனில் அப்லோடுக்கு மொத்தம் எண்பதுதான். அதில் பாதியை, நாற்பதை, டீச்சருக்கே ஒதுக்குவதாகச் சொன்னேன். பாடமெல்லாம் சேர்த்து நாலு டெராபைட். அதாவது நாற்பது லட்சம் மெகாபைட். பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். நாற்பது லட்சத்தை நாற்பதால் வகுத்தால் ஒரு லட்சம் விநாடி. இருபத்தெட்டு மணி நேரம்.

டீச்சர் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருவத்தெட்டு மணி நேரம்," என்றார்.

"அதுக்கு மேல ஒரு நிமிசம் ஆவாதுங்க."

"அப்ப சரி. உங்களை நம்பி இருக்கேன்."

அவர் கணக்கு டீச்சர்தான். ஆனால் கம்ப்யூட்டர் கணக்கு வேறு. அதெல்லாம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் பிடிபடும். காபி நன்றாக இருந்தது.

மே 5, ஞாயிறு

முடி வெட்டிக்கொண்டேன். வெயில் தாங்கவில்லை.

மே 8, புதன்

வடக்குப்பேட்டையில் அணில் ஒயரைக் கடித்துவிட்டது. நாற்பது வீட்டில் நெட் இல்லை. ஏணி போட்டு ஏறி, அறுந்த இழையை ஒட்டி முடிக்க மதியம் இரண்டாகிவிட்டது. கீழே நின்ற ஒரு அம்மா மோர் கொடுத்தார். மோர் கொடுத்துக்கொண்டே, "நூறுன்னு சொன்னீங்களே, எங்கூட்டுல பன்னெண்டுதான் வருது" என்றார். எட்டால் வகுக்கச் சொன்னேன்.

கடைக்குத் திரும்பினால் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"சட்டை புதுசாட்ட இருக்குது?"

"பழசுதான்."

"வெலைச் சீட்டு தொங்குதுடா."

மே 11, சனி

டீச்சர் கடைசிப் பாடத்தை எடுத்துவிட்டதாகப் போன் செய்தார். நாளைக் காலை எட்டு மணிக்கு அப்லோட் ஆரம்பம். திங்கள் மதியம் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் மிச்சம். அந்தப் பதினாலு பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். என் ஒயரில் இத்தனை வருடம் சினிமாவும் கிரிக்கெட்டும்தான் ஓடியிருக்கிறது. இப்படி ஒன்று ஓடுவது இதுதான் முதல் தடவை.

மே 12, ஞாயிறு

சரியாக எட்டு மணிக்கு ஆரம்பித்துக் கொடுத்தேன். திரையில் பச்சைக்கோடு நகர ஆரம்பித்ததும் டீச்சர் கைதட்டவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கி விரலை ஆட்டினார். அவர் பிள்ளைகள் அப்படித்தான் கைதட்டுவார்களாம். நானும் ஆட்டினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஆட்டினேன்.

மே 13, திங்கள்

மதியம் பன்னிரண்டு. முடியவில்லை. பன்னிரண்டரை சதவீதம்தான் போயிருக்கிறது.

ஈரோட்டுக்காரர்களிடம் சண்டை போட்டேன். லைன் சுத்தமாக இருக்கிறது, நாற்பதும் முழுசாகப் போகிறது என்றார்கள். பொய் சொல்கிறார்கள். பவானி பாலத்திலிருந்து கோட்டுவீராம்பாளையம் வரை ஒயரைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு அணிலும் கடிக்கவில்லை. இரண்டு இடத்தில் நன்றாக இருந்த இணைப்பையே வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினேன். வேகம் கூடவில்லை.

டீச்சரிடம், "நாளைக்கு முடிஞ்சுருமுங்க, மைசூர்ல அவங்க கம்ப்யூட்டர் மெதுவா வாங்குது" என்றேன். டீச்சர், "அப்படியா சொல்லுதீங்க," என்று மட்டும் கேட்டார்.

மே 14, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனால் இந்த டைரியில் ஆறு வருடமாக ஊரார் தப்பையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். என் தப்பையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை பத்து மணிக்கு ஆறுச்சாமி அண்ணன், மகனுக்கு வீடியோ அனுப்ப முடியவில்லை என்று சண்டைக்கு வந்தார். நான் இருந்த இருப்பைப் பார்த்துச் சண்டையை மறந்துவிட்டு, "என்னப்பா, எளவு விழுந்தாப்பல உக்காந்திருக்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். நாற்பது லட்சம், நாற்பது, ஒரு லட்சம் விநாடி. கணக்கு சரி, லைன் சரி, ஆனால் போக மாட்டேன் என்கிறது என்றேன்.

அண்ணன் பில் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏஞ்சென்னி, எட்டால வகுத்தியா?"

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டது.

நாற்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் ஐந்து மெகாபைட். நாற்பது லட்சத்தை ஐந்தால் வகுத்தால் எட்டு லட்சம் விநாடி. ஒன்பதேகால் நாள். ஊர் முழுக்க உபதேசம் செய்துவிட்டு என் கணக்கில் கோட்டை விட்டிருக்கிறேன். பத்து வருடத் தொழிலில் இந்தத் தப்பை ஒருநாளும் செய்ததில்லை. செய்தது அந்த ஒரு வீட்டில், அந்த ஒருநாள்.

ஆறுச்சாமி அண்ணன் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும், உடு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். சிரித்திருந்தால் தேவலை.

இனி வழி உண்டா என்று பார்த்தேன். இருக்கிற எண்பதையும் டீச்சருக்கே திருப்பிவிட்டால் விநாடிக்குப் பத்து மெகாபைட் போகும். மிச்சம் முப்பத்தொரு லட்சம். எண்பத்தாறு மணி நேரம். வெள்ளிக்கிழமை நள்ளிரவுதான் முடியும். ஏழு மணி நேரம் பின்னால். அதற்கும் ஊரில் ஒருத்தரும் ஒரு போட்டோகூட அனுப்பாமல் இருக்க வேண்டும்.

"டீச்சர்கிட்ட சொல்லீட்டயா?" என்று அக்கா கேட்டது.

"சொல்றேன்."

"எப்பச் சொல்லுவ?"

பெட்டி ரிப்பேர் ஒன்று இருந்தது. அதைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

மே 15, புதன்

காலையில் போக நினைத்தேன், புது இணைப்பு ஒன்று வந்துவிட்டது. மதியம் போக நினைத்தேன், வெயில். மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டீச்சர் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

"டீச்சர், மைசூர்க்காரங்க மேல தப்பில்லீங்க. லைன் மேலயும் தப்பில்லீங்க. நாந்தானுங்க எட்டால வகுக்காம உட்டுட்டேன். இருவத்தெட்டு மணி நேரம் இல்லீங்க. ஒம்பதேகால் நாளு."

திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றேன்.

"இன்னொண்ணுமுங்க. அன்னைக்கே பஸ்ல குடுத்துட்டு வந்துரலாமுன்னு நீங்க சொன்னீங்க. நாந்தான் தடுத்தேன். எங்க லைன்லதான் போவோணும்னு ஒரு இது. உங்க பிள்ளைங்க வருசத்தோட நான் விளையாடிப்போட்டேன்."

டீச்சர் கையை நீட்டினார். "அந்தக் கணக்கைக் கொண்டாங்க."

பில் புத்தகத்தைக் கொடுத்தேன். மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பிள்ளைகள் நோட்டைத் திருத்துவது போல என் கணக்கின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். பத்துக்கு இரண்டு.

"விடையும் தப்பு, வழியும் தப்பு. ஒத்துக்கிட்டதுக்கு ரெண்டு மார்க்கு," என்றார்.

ஹார்டு டிஸ்க்கை என்னிடம் கொடுங்கள், நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே மைசூர் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், இருபத்தேழு வளைவிலும் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

"ரெண்டு வருச உழைப்பு. தனியா உங்ககிட்ட குடுத்துவிட முடியாதுல்லா," என்றார். "காலைல ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. நானும் வாரேன்."

"முகூர்த்த நாளுங்க, சீட்டு கெடைக்குமுங்களா?"

"கிடைக்கும்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா ஆறு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டு வைத்தது.

மே 16, வியாழன்

போய்ச் சேர்ந்து, கொடுத்துவிட்டு, வீடு திரும்பிவிட்டோம். உடம்பெல்லாம் வலி. நாளை எழுதுகிறேன்.

மே 17, வெள்ளி

இன்று புகார்கள் ஐந்து. ஐந்து பேரிடமும் பொறுமையாகப் பேசினேன். அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

நேற்றைய கதை. பஸ் சரியாக ஆறரைக்குக் கிளம்பியது. டீச்சர் ஜன்னல் பக்கம், நான் பக்கத்தில், என் மடியில் ஹார்டு டிஸ்க். துண்டில் சுற்றி, அதை ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். சில்லறை எடுக்கக்கூட கையை விடவில்லை. பண்ணாரியில் பஸ் நின்றபோது எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் டப்பாவோடு சேர்த்துத் தூக்கிக் கும்பிட்டேன்.

ஐந்து மணி நேரத்தில் மைசூர் என்பதுதான் கணக்கு. மலை ஏற ஆரம்பித்ததும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கையை மட்டும் எடுத்து, டப்பாவின் மேலேயே பில் புத்தகத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். நாற்பது லட்சம் மெகாபைட்டை இந்த பஸ் பதினெட்டாயிரம் விநாடியில் கொண்டு போகிறது. விநாடிக்கு இருநூற்று இருபத்திரண்டு மெகாபைட். மெகாபிட்டாக்க எட்டால் பெருக்க வேண்டும். ஆயிரத்து எழுநூற்று எழுபத்தேழு. என் ஒயர் வெறும் நாற்பது. சாணி நிறத்துக்கு மங்கிப்போன, கதவு சரியாகச் சாத்தாத அந்த பஸ் என்னைவிட நாற்பத்து நாலு மடங்கு வேகம்.

அப்படி நினைத்து முடிக்கவில்லை, ஒன்பதாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு கரும்பு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் ஒரு மணி நேரம் ஆவுமுங்க" என்றார்.

பேனாவை எடுத்து, எட்டு மணி நேரமானால் பஸ்ஸின் வேகம் எவ்வளவு என்று போட ஆரம்பித்தேன்.

"ஆயிரத்து நூத்திப் பதினொண்ணு," என்றார் டீச்சர். கண்ணைத் திறக்கவில்லை.

நான் போட்டு முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஆயிரத்து நூற்றுப் பதினொன்று.

"எட்டால பெருக்கிட்டேன், பயப்படாதீங்க," என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"கணக்கு டீச்சர்ட்ட கேக்குத கேள்வியா இது? உங்க கடைச் சுவத்துலயே எழுதித் தொங்குதுல்லா."

"பின்ன ஏனுங்க சொல்லல?"

"அவ்வளவு சந்தோசமா போட்டுக்கிட்டு இருந்திய. குறுக்க பேச மனசு வரலை. நெட்டுல போறது போகட்டும், டிஸ்க்கும் கையில இருக்கு, எப்படியும் வியாழக்கிழமை கொண்டு போயிரலாம்னு இருந்தேன்."

கோபம் வர வேண்டிய இடம். இரண்டு நாள் தூங்கவில்லை, பாலத்திலிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே நடந்திருக்கிறேன். கோபம் வந்ததா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். வரவில்லை.

லாரி நகர்ந்து, மைசூர் போய்ச் சேர இரண்டரை மணி. அறக்கட்டளை ஆபீசில் ஒரு பெண் டிஸ்க்கை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக வந்தன. இரண்டைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஜூன் முதல் வாரம் பள்ளிகளுக்குப் போய்விடும் என்று சொல்லி ரசீது கொடுத்தார். டீச்சர் ரசீதைப் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். கண் கலங்கியிருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணி பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது டீச்சர் அரைத்தூக்கத்தில் இருந்தார். போனை என்னிடமே கொடுத்துவிட்டார். போக இரண்டு, வர இரண்டு. கண்டக்டரிடம் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது மேலே இருந்த வரி கண்ணில் பட்டது. முன்பதிவு செய்த நாள் மே 4. நான் காபி குடித்துவிட்டுக் கிளம்பிய அதே நாள், மாலை ஆறரை மணி.

"அன்னைக்கே ரெண்டு பேருக்கா எடுத்தீங்க?" என்றேன்.

"மலை ஏறுனா எனக்குத் தலை சுத்தும்லா. துணைக்கு ஆள் வேணும்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "புதன்கிழமை ராத்திரி வரைக்கும் ஒரு டிக்கெட்டை ரத்து பண்ணலாம்னு போட்டிருந்துச்சு. தப்பு யாருக்கும் வரும். அதை நீங்களா வந்து சொல்லுவியளான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லாம இருந்திருந்தா நான் மட்டும்தான் வந்திருப்பேன்."

எனக்கு ஒன்று உறுத்தியது. இந்த டைரியில்கூட அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். புதன்கிழமை நான் அந்தத் தெருமுனைக்கு நாலரை மணிக்கே போய்விட்டேன். அரைமணி நேரம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். ஒருதடவை வண்டியைத் திருப்பியும்விட்டேன்.

அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றார். "மாடியில நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வண்டியைத் திருப்புனதும் எனக்கு உசிரே போயிட்டு."

மலை இறங்கி முடிகிறவரை மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக நானே எடுத்துக் கொடுத்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.